நிலத்தோற்ற ஒளிப்படவியல்

நிலத்தோற்ற ஒளிப்படவியல் என்பது மலை, காடு, கடற்கரை, பாலைநிலம், வயல்வெளி, வானம் முதலான திறந்தவெளிக் காட்சிகளை ஒளிப்படமாகப் பதிவுசெய்யும் கலையும் தொழில்நுட்பமும் ஆகும். இது ஒளிப்படவியலின் மிகப் பழைய பிரிவுகளுள் ஒன்று. ஸ்டூடியோவினுள் படமெடுப்பவர் விளக்குகளை விரும்பியவாறு நகர்த்தலாம். ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம். திறந்தவெளியில் இது இயலாது. சூரியனும் மேகமும் தருகின்ற ஒளியையே பயன்படுத்த வேண்டும். எனவே இத்துறையின் கருவிகளும் நுட்பங்களும் பெரும்பாலும் இரண்டு நோக்கங்களைக் கொண்டவை. ஒன்று, தகுந்த ஒளி கிடைக்கும் வேளையைத் தெரிவு செய்தல். மற்றொன்று, அவ்வொளியின் வீச்சைப் படச்சுருளோ உணரியோ தாங்கக்கூடிய எல்லைக்குள் கொண்டுவருதல்.

ஒளிவீச்சுச் சிக்கல்

ஒளிப்படவியலில் ஒளியின் அளவு "படி" என்னும் அலகால் குறிக்கப்படுகின்றது. ஆங்கில வழக்கில் இது ஸ்டாப் எனப்படும். ஒரு படி கூடினால் ஒளி இரு மடங்காகும். ஒரு படி குறைந்தால் பாதியாகும். ஆகவே 10 படி வேறுபாடு என்பது 1,024 மடங்கு வேறுபாடாகும்.

காலைச் சூரியன் படும் மேகத்துக்கும் அதே காட்சியில் நிழலில் கிடக்கும் பாறைக்கும் இடையே பல படிகள் வேறுபாடு இருக்கலாம். மனிதக் கண் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே நோக்கித் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. ஒளிப்படக்கருவியோ முழுக் காட்சியையும் ஒரே ஒளியளவில் பதிவு செய்கின்றது. வண்ண நேர்படச் சுருள்கள் ஏறத்தாழ 5 அல்லது 6 படிகளையே தாங்கின. எதிர்மப் படச்சுருள்கள் அதனினும் கூடுதலாகத் தாங்கின. தற்காலத்துத் தரமான எண்ணிம உணரிகள் 14 படிகள் வரை பதிவு செய்யவல்லவை. ஆயினும் சூரியனே சட்டகத்துக்குள் இருக்கும் காட்சியை எந்த உணரியாலும் முழுமையாக அடக்க முடியாது. வானம் வெளிறிப் போவதும் நிலம் கறுத்துப் போவதும் தொடக்கநிலையினர் எதிர்கொள்ளும் பொதுவான குறைகளாகும்.

வரலாறு

தொடக்கக் காலம்

இன்றுவரை எஞ்சியிருக்கும் ஒளிப்படங்களுள் மிகப் பழையது ஒரு வெளிப்புறக் காட்சியே. பிரான்சைச் சேர்ந்த நிசெபோர் நியெப்சு 1826 அல்லது 1827-ஆம் ஆண்டில் தமது வீட்டின் மேல்மாடிச் சன்னல் வழியே தெரிந்த கட்டடங்களை, நிலக்கீல் பூசிய உலோகத் தகட்டில் பதிவு செய்தார். இதற்குக் குறைந்தது எட்டு மணிநேரம் தேவைப்பட்டது. அந்நேரத்தில் சூரியன் வானைக் கடந்து சென்றதால், அப்படத்தில் கட்டடங்களின் இருபுறமும் வெயில் விழுந்திருப்பதைக் காணலாம்.

1851-இல் பிரெடரிக் இசுகாட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை அறிமுகப்படுத்தினார். இம்முறையில் கண்ணாடித் தகட்டில் வேதிப்பொருளைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து உருத்துலக்கிவிட வேண்டும். ஆகவே மலையேறும் ஒளிப்படக் கலைஞர்கள் இருட்டுக் கூடாரத்தையும் கண்ணாடித் தகடுகளையும் வேதிப்பொருள்களையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. சாமுவேல் போர்ன் என்பவர் சுமைதூக்குவோர் பலருடன் இமயமலையில் பயணம் செய்து, 1866-இல் சுமார் 18,600 அடி உயரத்திலுள்ள மணிரங் கணவாயில் படமெடுத்தார்.

வெற்று வானம்

அக்காலத்துத் தகடுகள் நீல ஒளிக்கு மட்டும் மிகையான உணர்திறன் கொண்டிருந்தன. இதனால் நிலத்துக்கு ஏற்ற ஒளியளவில் எடுத்தால் வானம் மேகங்களின்றி வெள்ளைத்தாள் போல அமைந்தது. இதனைத் தீர்க்கப் பல வழிகள் கையாளப்பட்டன.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய இலின்னேயசு டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம், புதுக்கோட்டை முதலிய இடங்களைப் படமெடுத்தவர் ஆவார். இவர் ஈரத் தகடுகளுக்கு மாறாகக் காகித எதிர்மங்களைப் பெரிதும் பயன்படுத்தினார். வெற்று வானத்தை மறைக்க, எதிர்மத்தின் மீதே வண்ணப்பொருளைத் தீட்டி மேகங்களை உருவாக்கினார். பிரான்சில் குசுத்தாவ் இலெ கிரே 1857-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில், கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு எதிர்மங்களை எடுத்துத் தொடுவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களை இன்று கணினியில் இணைக்கும் முறைக்கு இது முன்னோடியாகும்.

1873-இல் எர்மன் வில்லெம் வோகல் என்னும் செருமானிய வேதியியலாளர், சாயங்களைச் சேர்ப்பதன் மூலம் தகடுகளைப் பிற நிறங்களையும் உணரச் செய்யலாம் எனக் கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-இல் விற்பனைக்கு வந்தன. அதன் பின்னரே மஞ்சள், சிவப்பு வடிகட்டிகளைக் கொண்டு வானின் கருமையை விரும்பியவாறு கட்டுப்படுத்துவது இயல்வதாயிற்று.

அன்சல் ஆடம்சும் வலய முறையும்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அன்சல் ஆடம்சு (1902–1984) இத்துறையில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியவர். 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஆஃப் டோம் என்னும் பாறை முகட்டை அவர் முதலில் மஞ்சள் வடிகட்டியுடன் எடுத்தார். தாம் மனத்தில் கண்ட படம் அவ்வாறு வராது என உணர்ந்து, மீதமிருந்த கடைசித் தகட்டில் அடர்சிவப்பு வடிகட்டியைப் பயன்படுத்தினார். வானம் ஏறத்தாழக் கறுப்பாகி, பாறை துலங்கி நின்றது. படமெடுக்கும் முன்னரே இறுதி அச்சு எவ்வாறு அமைய வேண்டும் என மனத்தில் காணும் இப்பழக்கத்தை அவர் பின்னர்ப் பிறருக்கும் கற்பித்தார்.

1940-ஐ ஒட்டி, பிரெட் ஆர்ச்சர் என்பவருடன் இணைந்து அவர் வலய முறையை வகுத்தார். இதில் முழுக் கறுப்பு முதல் முழு வெள்ளை வரையுள்ள வண்ணச் சாயல்கள் 0 முதல் 10 வரையான 11 வலயங்களாகப் பிரிக்கப்படுகின்றன. அடுத்தடுத்த வலயங்களுக்கு இடையே ஒரு படி வேறுபாடு உண்டு. 5-ஆம் வலயம் நடுச் சாம்பல் ஆகும். ஒளிமானி எந்தப் பரப்பை அளந்தாலும் அதனை நடுச் சாம்பலாகவே கருதும். ஆகவே பனிப்பரப்பை அளந்து அப்படியே எடுத்தால் பனி சாம்பல் நிறமாகிவிடும். அதனை வெண்மையாகக் காட்ட, ஒளிமானி காட்டும் அளவைவிட இரண்டு படிகள் வரை கூட்ட வேண்டும்.

1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிக்கோவின் எர்ணாண்டசு என்னும் சிற்றூரில், இடுகாட்டுச் சிலுவைகள் மீது மறையும் வெயில் விழ, பின்னே நிலவு எழும் காட்சியை ஆடம்சு கண்டார். ஒளிமானி உடனே கைக்குக் கிட்டவில்லை. முழுநிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 மெழுகுதிரி என்பது அவருக்கு நினைவிருந்தது. அதனைக் கொண்டு ஒளியளவைக் கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகள் மீதிருந்த வெயில் அகன்றுவிட்டது.

ஒளியும் வேளையும்

* பொன்வேளை: சூரியன் தொடுவானுக்கு மேல் சுமார் 6 பாகைக்குள் இருக்கும் நேரம். சூரிய ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருவதால் நீல ஒளி சிதறிப் போய், செம்மஞ்சள் ஒளி மிஞ்சுகின்றது. நீண்ட நிழல்கள் நிலத்தின் மேடுபள்ளங்களை எடுத்துக் காட்டுகின்றன.
* நீலவேளை: சூரியன் தொடுவானுக்குக் கீழே இருக்கும் அந்தி நேரம். வானத்தின் ஒளியும் நிலத்தின் ஒளியும் நெருங்கி வருவதால் ஒளிவீச்சு குறைகின்றது. ஊர் விளக்குகளுடன் கூடிய காட்சிகளுக்கு ஏற்றது.
* நண்பகல்: நிழல்கள் குறுகி, முரண்பாடு மிகும். பொதுவாகத் தவிர்க்கப்படினும், தெளிந்த ஆழமற்ற நீரின் நிறத்தைக் காட்டவும் கருப்பு-வெள்ளைப் படங்களுக்கும் பயன்படும்.
* மேகமூட்டம்: மேகம் முழு வானையும் ஒரு பெரிய விளக்காக்குகின்றது. நிழல்கள் மென்மையாவதால் காட்டின் உட்புறம், அருவி, பூக்கள் ஆகியவற்றுக்கு மிகவும் ஏற்றது.
* மழைக்குப் பிந்திய நேரம்: காற்றிலுள்ள தூசி குறைந்து தொலைவிலுள்ள மலைகளும் தெளிவாகத் தெரியும்.

பொன்வேளையின் நீளம் நிலநேர்க்கோட்டைப் பொறுத்து மாறும். வானம் மணிக்கு 15 பாகை வீதம் சுழல்வதாகத் தோன்றுகின்றது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகின்றது. வடக்கே சாய்வாக இறங்குகின்றது. சம இரவு நாட்களில் சூரியன் 6 பாகை இறங்கச் சென்னையில் சுமார் 25 நிமிடங்களே ஆகும். இசுட்டாக்கோமில் இதற்கு ஏறத்தாழ 47 நிமிடங்கள் ஆகும். ஐரோப்பிய நூல்களில் கூறப்படும் கால அளவுகளை வெப்பமண்டல நாடுகளில் அப்படியே பின்பற்றினால் ஒளியைத் தவறவிட நேரும். ஆகவே தமிழ்நாடு, இலங்கை போன்ற இடங்களில் கருவிகளை முன்கூட்டியே நிறுவி வைத்திருத்தல் அவசியம்.

கருவிகள்

ஒளிப்படக்கருவி

19, 20-ஆம் நூற்றாண்டுகளில் பெருந்தகட்டுக் கருவிகளே இத்துறையில் சிறப்பிடம் பெற்றிருந்தன. 2000-களில் எண்ணிம ஒற்றை வில்லைப் பிரதிபலிப்புக் கருவிகளும், 2008-க்குப் பின் ஆடியற்ற கருவிகளும் பரவின. தற்காலச் செல்பேசிகள் சில படங்களை விரைந்து எடுத்துத் தாமாகவே இணைப்பதன் மூலம் தமது சிறிய உணரியின் குறைபாட்டை ஓரளவு ஈடுசெய்கின்றன. கருவி எதுவாயினும், ஒளியளவைக் கையால் அமைக்கும் வசதியும், உணரியின் தரவை மாற்றமின்றிச் சேமிக்கும் "ரா" கோப்பு வசதியும் இருத்தல் நன்று.

வில்லைகள்

* அகலக்கோண வில்லை (35 மி.மீ. படச்சட்டகத்துக்குச் சுமார் 16–35 மி.மீ.): அண்மையிலுள்ள பாறை, பூ போன்றவற்றைப் பெரிதாகவும் தொலைவிலுள்ள மலையைச் சிறிதாகவும் காட்டும். முன்னணியில் குறிப்பிடத்தக்க பொருள் இல்லையெனில் படம் வெறுமையாகத் தோன்றும்.
* இயல்பு வில்லை (சுமார் 50 மி.மீ.): பொருள்களின் அளவு விகிதம் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும்.
* தொலைவு வில்லை (70–200 மி.மீ. அல்லது கூடுதல்): ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த மலைத்தொடர்களை நெருக்கமாகக் காட்டவும், பரந்த காட்சியிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தெடுக்கவும் உதவும்.

முக்காலி

குறைந்த ஒளியில் ஷட்டர் பல நொடிகள் திறந்திருக்க வேண்டியிருப்பதால் முக்காலி இன்றியமையாதது. இது கருவியை அசையாமல் தாங்குவதுடன், சட்டகத்தின் ஓரங்களை நிதானமாக ஆராயவும் வாய்ப்பளிக்கின்றது. காற்று வீசும்போது நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை விரித்து, நடுத்தண்டில் பையைத் தொங்கவிடலாம். கையால் அழுத்தும் அதிர்வைத் தவிர்க்கத் தொலை இயக்கி அல்லது 2 நொடித் தாமத அமைப்பைப் பயன்படுத்தலாம்.

ஒளி வடிகட்டிகள்

* போலரைசர்: தளவிளைவுற்ற ஒளியை மட்டுப்படுத்தும் வடிகட்டி. நீர், ஈர இலை ஆகியவற்றின் பளபளப்பை நீக்கி அவற்றின் உண்மை நிறத்தைக் காட்டும். சூரியனுக்கு 90 பாகைத் திசையிலுள்ள வானத்தை மிகுதியாகக் கருநீலமாக்கும். மிக அகலமான வில்லைகளில் வானம் சீரற்றுத் தோன்றக்கூடும். இதன் விளைவைக் கணினியில் முழுமையாகப் பின்னர் உருவாக்க இயலாது.
* நடுநிலைச் சாம்பல் வடிகட்டி: நிறத்தை மாற்றாமல் ஒளியைக் குறைக்கும். 6 படி வடிகட்டி 64 மடங்கும், 10 படி வடிகட்டி 1,024 மடங்கும் குறைக்கும். வடிகட்டியின்றி 1/60 நொடி தேவைப்பட்ட காட்சிக்கு 10 படி வடிகட்டியுடன் சுமார் 17 நொடிகள் தேவைப்படும்.
* பாதிச் சாம்பல் வடிகட்டி: மேற்பாதி கருமையாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் இருக்கும். வானத்தின் ஒளியை மட்டும் குறைத்து நிலத்துடன் சமன்செய்யப் பயன்படும். கடற்காட்சி போன்று தொடுவானம் நேர்கோடாக அமையும் இடங்களுக்கு ஏற்றது.

நுட்பங்கள்

ஒளியளவு

ஒளியளவு துளை, ஷட்டர் வேகம், உணர்திறன் ஆகிய மூன்றாலும் தீர்மானிக்கப்படுகின்றது. ஒளிமானி இல்லாத வேளையில் "வெயில் 16" விதி பயன்படும். இதன்படி ஷட்டர் வேகத்தை உணர்திறன் எண்ணின் தலைகீழ் மதிப்பாக வைத்து, ஒளிக்கேற்பத் துளையை மாற்ற வேண்டும். எடுத்துக்காட்டாக, உணர்திறன் 100 எனில் ஷட்டர் வேகம் 1/100 நொடி.

* தெளிந்த வெயில், கூர்மையான நிழல்: எஃப்/16
* மங்கிய வெயில், மென்மையான நிழல்: எஃப்/11
* மேகமூட்டம், நிழலின்மை: எஃப்/8
* அடர்ந்த மேகமூட்டம்: எஃப்/5.6

எண்ணிமக் கருவிகளில் ஒளியளவைச் சரிபார்க்க ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடம் உதவுகின்றது. இதன் இடப்புறம் இருளையும் வலப்புறம் ஒளியையும் குறிக்கும். வலப்புற எல்லையில் வரைபடம் முட்டி நின்றால், அப்பகுதியின் விவரங்கள் மீட்க முடியாதவாறு இழக்கப்பட்டன என்பது பொருள். எதிர்மப் படச்சுருளில் நிழற்பகுதிக்கு ஏற்ப ஒளியளவு வைப்பது மரபு. எண்ணிமக் கருவியில் இதற்கு மாறாக, ஒளிமிகு பகுதியைக் காத்து, நிழலைப் பின்னர் கணினியில் உயர்த்துவது வழக்கம். ஒளிவீச்சு மிகுதியெனில் ஒரே காட்சியை இரு படி வேறுபாட்டில் மூன்று அல்லது கூடுதலான படங்களாக எடுத்து இணைக்கலாம்.

குவியமும் காட்சிப்புல ஆழமும்

முன்னணிப் பாறையும் தொலைவு மலையும் ஒருங்கே தெளிவாகத் தெரிய, ஹைப்பர்ஃபோக்கல் தூரத்தில் குவியப்படுத்த வேண்டும். அதற்கான தோராய வாய்பாடு:

தூரம் = (குவியத்தூரம் × குவியத்தூரம்) ÷ (எஃப் எண் × கலங்கல் வட்டம்)

கலங்கல் வட்டம் என்பது கண்ணுக்குப் புள்ளியாகவே தோன்றும் மிகப்பெரிய மங்கலின் விட்டம். 35 மி.மீ. சட்டகத்துக்கு இது 0.03 மி.மீ. எனக் கொள்ளப்படுகின்றது. 24 மி.மீ. வில்லையை எஃப்/11 துளையில் வைத்தால் விடை சுமார் 1.75 மீட்டர் ஆகும். இத்தூரத்தில் குவியப்படுத்தினால், அதில் பாதியான சுமார் 0.9 மீட்டர் முதல் முடிவிலி வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். துளையை எஃப்/22 வரை சுருக்கினால் ஆழம் கூடினும், ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதும் சற்று மங்கும். ஆகவே எஃப்/8 முதல் எஃப்/13 வரையான துளைகளே பெரிதும் விரும்பப்படுகின்றன.

ஓடும் நீர்

அருவியை 1/500 நொடியில் எடுத்தால் துளிகள் உறைந்து நிற்கும். 1/4 முதல் 2 நொடி வரை வைத்தால் நீர் பட்டுத்துணி போலத் தோன்றும். பல நொடிகள் வைத்தால் கடல் அலைகள் மூடுபனி போலாகும். நீரின் வேகத்துக்கும் கருவியின் தொலைவுக்கும் ஏற்ப இது மாறுமாதலால், பல வேகங்களில் எடுத்து ஒப்பிடுவதே சிறந்த முறையாகும்.

சட்டக அமைப்பு

தொடுவானத்தைப் படத்தின் நடுவில் வைக்காமல் மூன்றிலொரு பங்கில் வைப்பது பொதுவான வழிகாட்டல். நீரில் முழுப் பிரதிபலிப்பு உள்ள காட்சிகளில் இதற்கு விலக்குண்டு. வானம் வெறுமையாக இருந்தால் அதற்குச் சிறிதளவு இடமே தர வேண்டும். பாதை, ஆறு, வேலி ஆகியன பார்வையைப் படத்தினுள் இட்டுச் செல்லும். மனிதர், மரம் போன்ற அறிந்த பொருள் ஒன்று இருந்தால் மலையின் பேரளவு விளங்கும்.

பதனிடலும் நம்பகத்தன்மையும்

நிறச்சமநிலை, முரண்பாடு ஆகியவற்றைத் திருத்துவது இருட்டறைக் காலம் முதலே ஏற்கப்பட்ட செயலாகும். எனினும் காட்சியில் இல்லாததைச் சேர்ப்பதும் பொருள்களை இடம் மாற்றுவதும் விவாதத்துக்குரியவை. 1982 பிப்ரவரி மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில், கிடைமட்டமாக எடுக்கப்பட்ட கீசாப் பிரமிடுகளின் படம் செங்குத்து வடிவத்துக்குப் பொருந்துமாறு கணினியால் மாற்றப்பட்டு, பிரமிடுகள் நெருக்கி வைக்கப்பட்டன. இது பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. டிரைப் தீட்டிய மேகங்களும் இன்றைய மென்பொருள்கள் ஒரே சொடுக்கில் மாற்றித் தரும் வானமும் ஒரே கேள்வியை எழுப்புகின்றன. படம் கலைப்படைப்பாக வைக்கப்படுகின்றதா, ஓர் இடத்தின் ஆவணமாக வைக்கப்படுகின்றதா என்பதைப் பார்ப்பவருக்குத் தெரிவிப்பதே நேர்மையான வழியாகக் கருதப்படுகின்றது.

இயற்கைப் பாதுகாப்பில் பங்கு

பலர் நேரில் காண முடியாத இடங்களைச் சட்டமன்றங்களுக்கும் வாக்காளர்களுக்கும் காட்டியதன் மூலம் நிலத்தோற்றப் படங்கள் அரசியல் முடிவுகளிலும் பங்கு வகித்துள்ளன.

* கார்ல்டன் வாட்கின்சு 1861-இல் பெருந்தகடுகளில் எடுத்த யோசெமிட்டிப் படங்கள் அப்பள்ளத்தாக்கைப் புகழ்பெறச் செய்தன. 1864-இல் அப்பகுதியைப் பாதுகாக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார்.
* வில்லியம் என்றி சாக்சன் 1871-ஆம் ஆண்டு ஆய்வுப் பயணத்தில் எடுத்த படங்கள் அமெரிக்கப் பேரவை உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்டன. 1872 மார்ச் 1 அன்று யெல்லோசுட்டோன் தேசியப் பூங்கா உருவாக்கப்பட்டது.
* ஆத்திரேலியாவின் தாசுமேனியாவில் பிராங்ளின் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தோர், பீட்டர் தோம்புரோவ்சுகிசு எடுத்த அவ்வாற்றின் பனிமூட்டக் காட்சியை 1983 தேர்தலின்போது நாளிதழ்களில் முழுப்பக்க வண்ண விளம்பரமாக வெளியிட்டனர். அதே ஆண்டு சூலையில் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பாதுகாப்பும் நடத்தையும்

* குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கருவியை வெளியே எடுத்தவுடன் வில்லையில் நீராவி படியும். மூடிய பையினுள் வைத்து, வெளி வெப்பநிலையை அடைந்த பின்னரே திறக்க வேண்டும்.
* ஈரப்பதம் மிகுந்த இடங்களில் வில்லைகளில் பூஞ்சை வளரும். காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பது நல்லது.
* கடற்கரையில் பயன்படுத்திய முக்காலியின் கால்களை நன்னீரால் கழுவ வேண்டும்.
* சூரியனை ஒளியியல் காட்சிகாணி வழியே நேரடியாக நோக்கக் கூடாது, பார்வை பாதிக்கப்படும்.
* அலைகள் மோதும் பாறைகளில் கருவியை நிறுவும் முன் சிறிது நேரம் அலைகளின் எழுச்சியைக் கவனிக்க வேண்டும். மின்னல் வேளையில் மேட்டுநிலத்தை விட்டு அகல வேண்டும்.
* காப்புக்காடுகளுக்கு வனத்துறையின் அனுமதி தேவை. ஆளில்லா வானூர்திகளைப் பயன்படுத்துவோர் அந்தந்த நாட்டின் விதிகளை அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் விதிகள் இதற்குப் பொருந்தும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் இவற்றுக்குத் தடை உள்ளது.
* படத்துக்காகச் செடிகளை ஒடிப்பதும், பாதையை விட்டு விலகிப் புல்வெளிகளை மிதிப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஒளிப்படவியல்
* ஒளிப்படக்கருவி
* காட்டுயிர் ஒளிப்படவியல்
* ஒளிச்சிதறல்
* அன்சல் ஆடம்சு